புனிதம் யாருக்கு வசதி?

எத்தனை சவரன், என்ன கார், மண்டபச் செலவு யாருடையது என்பதையெல்லாம் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே பேசி முடித்துவிடுகிறோம். வரதட்சணை தருவதாகவோ பெறுவதாகவோ செய்யும் எந்த உடன்பாடும் செல்லாது என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியும் பேரம் நிற்கவில்லை. அதே மணப்பெண், "கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன், என் சம்பளம் என் கணக்கில்தான் இருக்கும், இதை எழுதிக்கொள்வோம்" என்றால் சபை பதறுகிறது. திருமணம் என்ன வியாபாரமா என்று கேட்கிறார்கள். சவரன் பேசியபோது இந்தக் கேள்வி ஏன் எழவில்லை?

நீதிமன்றமும் பதறியிருக்கிறது. மனைவியை அவள் பிறந்த வீட்டிலிருந்து அழைத்துப் போகமாட்டேன் என்று கணவன் எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தை, 1901-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. கணவனின் உரிமை அதனால் கெடுகிறது என்பது காரணம். நம் பெண்கள் எதையும் எழுதாமலே பிறந்த வீட்டை விட்டுப் போகிறார்கள். அதனால் எந்த உரிமை கெடுகிறது என்று யாரும் கேட்டதில்லை.

பெரியார் திருமணத்தை வாழ்க்கை ஒப்பந்தம் என்றார். 1967-ல் அண்ணா அரசு சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்தது. ஆனால் ஒப்பந்தம் என்று ஆகிவிட்டதாலேயே நியாயம் வந்துவிடாது. போக இடமும் கையில் காசும் இல்லாதவள் போடும் கையெழுத்தை நான் சம்மதம் என்று ஏற்கமாட்டேன். கர்நாடகப் பெண் ஒருவர் 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, இனி ஜீவனாம்சம் கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தார். அந்த உடன்பாடு அவர் உரிமையைத் தடுக்காது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒப்பந்தத்தில் சமத்துவம் வேண்டும் என்றால், இருவருக்குள் நடப்பதில் அரசியல் சட்டத்துக்கு என்ன வேலை என்பார்கள். 1983-ல் டெல்லி உயர் நீதிமன்றமே, அதை வீட்டுக்குள் கொண்டுவருவது பொருந்தாது என்றது. பிரிந்த துணையைச் சேர்ந்து வாழச் சொல்லும் சட்டப்பிரிவைக் காக்கச் சொன்ன வாதம் அது. சில மாதங்களுக்கு முன்பு ஆந்திர உயர் நீதிமன்றம் அதே பிரிவை ரத்து செய்திருந்தது. உச்ச நீதிமன்றமோ பிரிவு செல்லும் என்றே முடித்தது. சேர்ந்து வாழ் என்று உத்தரவிடுவது நீதிமன்றம், நீதிமன்றம் அரசின் ஓர் அங்கம். அந்த உத்தரவு வீட்டுக்குள் வரலாம், சமத்துவம் மட்டும் வாசலில் நிற்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

ஆகவே எழுதுங்கள். எழுதிய பின் கணவன், மனைவி பெயர்களை இடம் மாற்றிச் சபையில் உரக்கப் படியுங்கள். மாப்பிள்ளை வீட்டார் எந்த வரியில் தயங்குகிறார்களோ, அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.