பூதம் இருக்கட்டும், ஆட்டைச் சொல்லு

பூதத்தை என் அம்மா நம்பிவிடுவார். ஆட்டைத்தான் லேசில் நம்பமாட்டார். பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'யைப் படித்துக்காட்ட ஆரம்பித்த அன்றே இது தெரிந்துபோயிற்று. ராட்சத உருவம் கொண்ட ஒருவன் எங்கிருந்தோ வந்து ஒரு கிழவனிடம் கறுப்புக் குட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். இது அசுரர்களின் உலகம் என்றேன். சரி என்றார். அந்தக் குட்டியின் தாய் ஒரே ஈத்தில் ஏழு குட்டி போட்டதாம் என்றதும் கை நின்றுவிட்டது.

"ஏங் கண்ணு, வெள்ளாட்டுக்கு ரெண்டே காம்பு. மூணு போட்டாலே மூணாவது நோஞ்சானா நிக்கும். ஏழுக்கு எங்கிருந்து பால் பத்தும்?"

பத்தாதுதான். அதனால்தான் அந்தக் குட்டி கையகலத்துக்குக் கிடக்கிறது. அதைப் பிழைக்க வைக்கக் கிழவி அத்தனை பாடுபடுகிறாள். அந்தப் பக்கங்களைக் கேட்ட பிறகு "அப்பச் செரி" என்று வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். மாயக்கதை எழுதுகிறவர்கள் மேசைக்கு எதிரே எழுதி ஒட்டிக்கொள்ளலாம். ஆகாயத்தில் பறக்கட்டும், யார் வேண்டாம் என்றது? பறந்துபோனவனுக்குப் பசித்தபோது சோறு யார் போட்டது என்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

எங்கள் ஊர் ராசிபுரத்துப் பக்கம். வாசலில் நின்றால் கிழக்கே கொல்லிமலை தெரியும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் மேலே போகலாம். சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவையைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். அம்மாவுக்குச் சங்கப் பாட்டு எதுவும் தெரியாது. ஆனால் அந்தப் பாவையைத் தெரியும், பக்கத்துத் தெருக்காரியைத் தெரிந்த மாதிரி. அரபுக் கதை எங்களுக்கு வந்ததுகூடச் சேலத்திலிருந்துதான். ஏற்காடு அடிவாரத்தில் டி.ஆர்.சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் வெளிவந்தது. தமிழின் முதல் முழு வண்ணப் படம். பல வருஷம் கழித்து எங்கள் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்தபோது மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்ததாக அம்மா சொல்வார். குகை திறந்தது நினைவில்லையாம். எம்.ஜி.ஆர். போட்டிருந்த துணியின் நிறம்தான் நினைவாம்.

அம்மா படித்தது ஐந்தாவது வரைதான். எழுத்துக் கூட்டிப் படித்ததெல்லாம் அம்புலிமாமா. நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை. எங்கள் வீட்டுக்கு வந்தவை யாரோ படித்து அட்டை கிழிந்த பழைய இதழ்கள். உருவிய வாளோடு, தோளில் பிணத்தைப் போட்டுக்கொண்டு நடக்கும் விக்கிரமனை வரைந்த ஓவியர் சங்கரும் தாராபுரத்துப் பக்கத்துக்காரர்தான். 2020இல்தான் காலமானார். ஒவ்வொரு மாதமும் வேதாளம் ஒரு கதை சொல்லி, கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் ராஜாவின் தலை சுக்குநூறாகும். சொன்னால் மௌனம் கலைந்து பிணம் முருங்கை மரத்துக்குப் போய்விடும். நான் அந்த இடத்தில் பக்கத்தைக் கையால் மூடிக்கொள்வேன். அம்மா அடுப்படியிலிருந்தே தன் தீர்ப்பைச் சொல்லிவிடுவார். ராஜாவின் பதில் வேறாக இருந்தால் தவறு ராஜாவுடையது. இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்வதற்கென்றே செய்த கதை வடிவம் அது என்று இப்போது தோன்றுகிறது.

நான் சேலத்தில் வேலைக்குப் போன பிறகு எங்களுக்குள் பேச்சு சுருங்கிப்போனது. சாப்பிட்டயா, மாத்திரை போட்டயா, மழை பேஞ்சுதா. மூன்றுக்கும் பதில் வந்தபின் ஆளுக்கொரு பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு நிற்போம். பாசத்துக்குக் குறைவில்லை, பேசத்தான் விஷயமில்லை. பெற்றவர்கள் எழுபதை நெருங்கும்போது நிறைய வீடுகளில் இதுதான் நிலைமை. அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் படித்துக்காட்டுகிறேன். முதலில் ஒரு குடும்ப நாவலை எடுத்துப்போனேன். நல்ல நாவல். நாலு பக்கம் கேட்டுவிட்டு, "இது ஆரு ஊட்டுக் கதை?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். அதற்குள் அதில் எங்கள் சொந்தக்காரர்கள் இரண்டு பேரைக் கண்டுபிடித்திருந்தார். மருமகள் வரும் இடங்களிலெல்லாம் வாசற்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார். "ஊரார் வம்பு நமக்கெதுக்கு" என்பதோடு அது முடிந்தது.

பூனாச்சியில் அந்தப் பயம் இல்லை. அசுரர் ஊரில் சொந்தக்காரர் யார் இருக்கப்போகிறார்கள்? குட்டிக்குக் காது குத்தி அரசாங்கத்தில் பதிவு செய்ய வரிசையில் நிற்கும் இடம் வந்தபோது, ஆதார் எடுக்க நின்ற நாளை நினைத்து வாய்விட்டுச் சிரித்தார். நிறத்தைப் பற்றிச் சந்தேகமே இல்லை. சேலம் கறுப்பு என்று ஓர் ஆட்டினமே இருக்கும் சீமை இது. பூனாச்சிக்குப் பூவன் என்ற கிடாமேல் பிரியம். ஆனால் பருவம் வந்து கத்தும்போது அவளைச் சேர்ப்பது வேறொரு கிழட்டுக் கிடாவோடு. அந்த இடத்தை நான் கொஞ்சம் வேகமாகப் படித்துத் தாண்டப் பார்த்தேன். அம்மா விடவில்லை.

"ஆட்டக் கேட்டுட்டா கெடாயப் புடிக்கறாங்க? எங்களயே ஆரும் கேக்கலியே."

பிறகு தானாகவே சொன்னார். அப்பாவை முதன்முதலில் பார்த்தது மணவறையில்தானாம். அதுவும் பக்கவாட்டில். "காது மட்டுந்தான் தெரிஞ்சுது. பெரிய காது. செரி, காது நல்லா கேக்கும்னு நெனச்சேன்." கேட்டதா என்றேன். "எங்க கேட்டுது" என்று சொல்லிவிட்டு மேலே படிக்கச் சொன்னார். இத்தனை வயதுக்கு நான் அம்மாவிடம் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது. கேட்டது ஆட்டைப் பற்றி என்பதால் வந்தது.

அந்த நாவல் வந்த வழியும் இப்படித்தான். 2010இல் வந்த பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' திருச்செங்கோட்டு மனிதர்களையும் சாமியையும் பற்றியது. 2014 டிசம்பரில் அதற்கு எதிர்ப்பு கிளம்பி, நாமக்கல்லில் பேச்சுவார்த்தை என்று ஆகி, 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த ஆண்டே 'பூனாச்சி' வந்துவிட்டது. மனிதர்களை எழுதப் பயம், கடவுளரை எழுத அதைவிடப் பயம் என்கிற தொனியில்தான் முன்னுரை இருக்கும். அசுரர்களுக்குப் புண்படும் மனசு இருப்பதாக இதுவரை யாரும் வழக்குப் போடவில்லை. மாயக்கதை என்றால் நிஜத்திலிருந்து தப்பி ஓடுவது என்று சொல்கிறவர்களுக்கு எங்கள் மாவட்டத்தைக் காட்டலாம். இங்கே எழுதுகிறவரும் கேட்கிறவரும் நிஜத்தைப் பேசத்தான் அந்தப் பக்கம் போனார்கள். சொன்னால் வீடு ரெண்டாகும் என்று அடக்கி வைத்ததை ஆட்டின் தலையில் ஏற்றிச் சொல்லிவிடலாம். பிடிக்காவிட்டால், கதைதானே என்று இரண்டு பேருமே நழுவிக்கொள்ளலாம். அம்மாவும் மகளும் ஒரு வீட்டில் இருக்க அந்த நழுவல் தேவைப்படுகிறது.

இப்போது ஹாரி பாட்டர் ஓடுகிறது. முதல் புத்தகம் தமிழிலேயே கிடைக்கிறது. பறக்கும் துடைப்பத்தை அம்மா கேள்வி கேட்கவில்லை. கடிதம் கொண்டுவரும் ஆந்தையைக்கூட, ஆந்தை அலறினால் ஆகாது என்று முணுமுணுத்ததோடு விட்டுவிட்டார். பெரியம்மா வீட்டு மாடிப்படிக்கு அடியில் அந்தப் பையன் படுத்துக்கிடப்பதுதான் ஆறவில்லை. "அத்தன மந்தரந் தெரிஞ்சவங்க, பெத்தவங்க இல்லாத பையன அந்த ஊட்ல எதுக்குடி உட்டு வெச்சாங்க? சோறாச்சும் ஒழுங்காப் போட்டாங்களா?" காரணம் இருக்கிறது, பெற்றவளின் ரத்த உறவு அந்த வீட்டில்தான் இருக்கிறது, அதுதான் அவனுக்குக் காவல், ஆனால் அது ஐந்தாவது புத்தகத்தில்தான் விளங்கும் என்றேன். அதுவரைக்கும் ஒரு பையனைப் பட்டினி போட முடியாது என்று அம்மா சொல்லிவிட்டார். ஐந்தாவதை முதலில் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்.