கப்பல் நிற்கும், ஜனங்கள் கரைசேருவார்கள்



அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பவுலைச் சுமந்துவந்த அலெக்சந்திரியா கப்பல் மெலித்தா தீவின் கரையோரம் தரைதட்டி உடைந்துபோயிற்று. ஆனால் அதிலிருந்த 276 பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை. தேவன் கப்பலுக்கு வாக்குக் கொடுக்கவில்லை; ஜனங்களுக்குத்தான் கொடுத்தார்!

2008-இல், குயீன் எலிசபெத் 2 என்ற பெரிய கப்பலின் கடைசிப் பயணத்தில் இதை நான் கண்ணாரக் கண்டேன். 1969-இல் முதல் பயணம் போன கப்பல் அது. சுமார் 25 லட்சம் பேரைச் சுமந்தது. 1982-இல் ஃபாக்லாந்து யுத்தத்துக்கு ஏறக்குறைய 3,000 போர்ச்சேவகரைக் கொண்டுபோயிற்று. அப்பேர்ப்பட்ட கப்பல், விடைபெறும் நாளாகிய நவம்பர் 11 அதிகாலையில், சௌத்தாம்ப்டன் துறைமுகத்துக்கு வரும் வழியிலே மணல்திட்டில் தட்டி நின்றுவிட்டது! இழுவைப் படகுகள் வந்துதான் விடுவித்தன. 39 வருஷம் சமுத்திரத்தைக் கண்ட கப்பலுக்கும் கடைசி நாளில் துணை தேவைப்பட்டது, பார்த்தீர்களா?

அன்றே நாங்கள் குடும்பமாக ஏறினோம். இங்கிலாந்தில் வேலைபார்க்கும் என் தம்பி செய்த ஏற்பாடு. "இந்த வயசுல எனக்கு எதுக்குப்பா கப்பலு?" என்று சொன்ன அம்மா, மால்டா வந்ததும் வேதத்தைத் திறந்துகொண்டார்கள். பவுல் கரையேறின மெலித்தா அதுதானே! "பிள்ளைங்களா, இங்க வாங்க" என்று பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு, மழையிலும் குளிரிலும் நடுங்கினவர்களுக்கு அந்தத் தீவார் நெருப்பு மூட்டிக் கொடுத்ததைச் சொன்னார்கள். சாப்பாட்டு மணி அடித்தும் பிள்ளைகள் எழுந்திருக்கவில்லை.

அலெக்சந்திரியாவைத் தாண்டி, சூயஸ் கால்வாய் வழியாய்ச் செங்கடலுக்குள் வந்தபோது, மேல்தளத்திலே குடும்ப ஜெபம். அம்மா கைகளை உயர்த்தி, "செங்கடலைப் பிளந்த தேவனே, என் பிள்ளைங்க ஒருத்தரும் விட்டுப்போகாம கரைசேர்க்கணும்" என்று கண்ணீரோடு ஜெபித்தார்கள்.

நவம்பர் 26-இல் துபாய் சேர்ந்தோம். அதன்பின் அந்தக் கப்பல் பயணிகளை ஏற்றிக்கொண்டு எங்கும் போகவில்லை. பல வருஷம் சும்மா நின்று, 2018-இல் அங்கேயே தங்கும் விடுதியாகத் திறக்கப்பட்டது. அம்மாவோ அடுத்த வருஷமே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அந்த ஜெபம் மட்டும் இன்றும் எங்கள் வீட்டில் நிற்கிறது. அல்லேலூயா!

தேவபிள்ளையே, உன் வீட்டில் வயதான தாய் தகப்பன் உண்டா? சரீரம் என்னும் கப்பல் பழசாகும். "லீவு கிடைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதே. கப்பல் டிக்கெட் வாங்க வசதியில்லாவிட்டால் பரவாயில்லை. இன்று ராத்திரி டிவியை நிறுத்திவிட்டு அவர்கள் பாயருகே உட்கார். கர்த்தர் அவர்களை நடத்தின விதங்களை உன் பிள்ளைகள் அவர்கள் வாயாலே கேட்கட்டும். கூட முழங்கால் போடு.

உன் வீட்டாரில் யாராவது விசுவாசத்தில் தரைதட்டி நிற்கிறார்களா? குறை பேசாதே, இழுவைப் படகைப்போல ஜெபத்தோடு பக்கத்தில் போ. பவுலோடு வந்தவர்களில் சிலர் நீந்தினார்கள், சிலர் பலகைகளைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், எல்லாரும் கரைசேர்ந்தார்கள். உன் வீட்டாரும் ஒருவர் குறையாமல் பரம துறைமுகம் சேர கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்!