ஏலியின் இரவும் காலையும்

பொதுக்காலம் 2ஆம் ஞாயிறு – இரண்டாம் ஆண்டு
1 சாமுவேல் 3:3-10, 19, யோவான் 1:35-42



இன்றைய முதல் வாசகத்தைச் சாமுவேலின் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். மறைக்கல்வி வகுப்பில் இதைப் படமாக வரையச் சொன்னால், பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்திருக்கும் சிறுவனைத்தான் பிள்ளைகள் வரைவார்கள். இன்று அவனை விட்டுவிட்டு, அவன் ஓடிப்போய் எழுப்பிய அந்த முதியவரைப் பாருங்கள். இந்த ஞாயிறு நான் இளையோரிடம் பேச வரவில்லை. முப்பது வயதைத் தாண்டிய உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

ஏலிக்குப் பார்வை மங்கிவிட்டது. ஆண்டவர் பேசுவதும் அந்த நாள்களில் அரிதாகத்தான் இருந்தது என்று இந்த அதிகாரம் தொடங்கும்போதே சொல்லிவிடுகிறது. நடுராத்திரியில் ஒரு பையன் ஓடிவந்து, கூப்பிட்டீர்களா என்கிறான். இல்லை, போய்ப் படுத்துக்கொள் என்கிறார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்து நிற்கிறான். நம் வீடுகளில் இந்த இரண்டாம் முறையிலேயே அதட்டல் கேட்டிருக்கும். ஏலி அப்போதும் மகனே என்றுதான் அழைக்கிறார். மூன்றாம் முறை அவன் வந்தபோது அவருக்குப் புரிந்துவிடுகிறது, பையனை அழைப்பவர் கடவுள் என்று.

அப்போது ஏலி என்ன செய்தார்? அவர் குரு, அந்தத் திருத்தலமே அவர் பொறுப்பில் இருந்தது. சின்னப் பையனுக்கு என்ன தெரியும், ஆண்டவர் சொல்வதை நான் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து போயிருக்கலாம். அவர் போகவில்லை. மறுபடி குரல் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்து, பையனைத் தனியே அனுப்பினார். கடவுளுக்கும் அந்தச் சிறுவனுக்கும் நடுவில் அவர் போய் நிற்கவில்லை.

நம் பங்கின் இளையோர் இயக்கத்துக்கு, பீடச் சிறுவர்களுக்கு, ஒய்.சி.எஸ். எனும் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கப் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட பெரியவர்கள் வேண்டும். வழிகாட்டி என்கிறோம், அனிமேட்டர் என்கிறோம்; பெயர் எதுவானாலும் சரி. இதுவரை இந்தப் பொறுப்பை உதவிப் பங்குத்தந்தையின் தலையில் கட்டிவிட்டு நாம் நிம்மதியாக இருந்திருக்கிறோம். பாட்டும் விளையாட்டும் தெரிந்த இளங்குரு ஒருவர் வந்தால் இயக்கம் எழுந்து நிற்கும். அவருக்கு மாற்றல் வந்ததும் படுத்துவிடும். குருக்கள் நாங்கள் வந்து போகிறவர்கள். நீங்களோ இந்த ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்று, இதே பீடத்தின் முன் கைப்பிடித்து, உங்கள் தாய் தகப்பனை இதே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்திருக்கிறீர்கள். எட்டாம் வகுப்பில் பீடத்துக்கு வந்த பையன் கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்வரை அவனைப் பார்த்துக்கொண்டே இருக்க உங்களால் முடியும். என்னால் முடியாது.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறேன். இளையோர் நமக்கு எப்போது ஞாபகத்துக்கு வருகிறார்கள்? டிசம்பரில் குடில் கட்ட வேண்டும் என்றால் வருகிறார்கள். கொடியேற்றத்துக்குப் பந்தல் போட, தேர் தூக்க, அசனத்தில் இலை போட்டுப் பரிமாற வருகிறார்கள். அதே பிள்ளை பங்குப் பேரவையில் எழுந்து ஒரு கேள்வி கேட்டால், ‘நீ உட்காருப்பா, பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம்ல’ என்கிறோம். அவர்கள் தோள் நமக்கு வேண்டும், வாய் வேண்டாம் என்றால், அந்தத் தோளும் நம்மோடு நெடுநாள் இருக்காது.

பெரியவர் ஒருவர் இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஆலயத்திலேயே சாட்சி இருக்கிறது. நம் வின்சென்ட் தே பவுல் சபையினர் வாரந்தோறும் கூடி, ஏழைக் குடும்பங்களைத் தேடிப் போகிறார்கள். அந்தச் சபையைத் தொடங்கியவர்கள் மாணவர்கள். 1833 ஏப்ரல் 23 அன்று பாரிஸ் நகரில் கூடிய முதல் கூட்டத்தில் அந்த மாணவர்களில் ஒருவரான பிரெடெரிக் ஓசானாமுக்குச் சரியாக இருபது வயது. அன்று அவர் பிறந்தநாள். காலரா வந்து நகரத்தை வாரிக்கொண்டு போன மறு ஆண்டு அது. உங்கள் திருச்சபை இன்று ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று விவாத மேடையில் கேட்கப்பட்ட கேள்வி அந்த மாணவர்களைத் தூங்கவிடவில்லை.

அந்த முதல் கூட்டத்தில் மாணவர் அல்லாத ஒருவரும் இருந்தார். எம்மானுவேல் பாய்யி. நாற்பதை நெருங்கியவர், பத்திரிகை நடத்தியவர், குடும்பஸ்தர். ஆண்டுதோறும் நம் சபையினர் ஓசானாமின் படத்துக்கு மாலை போடுகிறார்கள். பாய்யியை நம்மில் யாருக்கும் தெரியாது. கூடுவதற்கு இடம் இல்லாத அந்தப் பையன்களுக்குத் தம் பத்திரிகை அலுவலகத்தைத் திறந்துவிட்டவர் அவர்தான். ஏழைகளை எப்படிச் சந்திப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதைத் தானே கற்றுக்கொடுக்க முற்படாமல், மூஃப்தார் தெருவின் ஏழைகள் நடுவில் நெடுங்காலம் உழைத்துக்கொண்டிருந்த அருள்சகோதரி ரோசாலி ராண்டுவிடம் அனுப்பினார். எந்த வீட்டுக்குப் போவது, போனால் எப்படிப் பேசுவது என்பதை அந்தச் சகோதரி சொல்லிக்கொடுத்தார், ரொட்டிச் சீட்டுகளும் கொடுத்தார். பாய்யி சபையின் முதல் தலைவராக இருந்து 1844இல் விலகினார். யோசனை மாணவர்களுடையது, மாடிப்படி ஏறிய கால்களும் அவர்களுடையவை. பெரியவர் கொடுத்தது ஓர் அறை, ஓர் அறிமுகம், பதினோரு ஆண்டு நிலைத்திருந்த துணை. இது நம்மில் யாரால் முடியாது?

வழிகாட்டி என்றால் கையில் மைக் பிடித்துப் பேசத் தெரிய வேண்டும் என்று நினைத்துப் பலர் ஒதுங்குகிறீர்கள். ஒய்.சி.எஸ். இயக்கத்தின் ‘பார், சீர்தூக்கு, செயல்படு’ முறை பெல்ஜியத்தில் தொழிலாளர் இளைஞர்களோடு உழைத்த கார்டைன் அடிகளாரிடமிருந்து வந்தது; 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவானும் அதைத் தம் சுற்றுமடலில் பரிந்துரைத்தார். அந்த முறையில் பெரியவரின் வேலை பெரும்பாலும் கேள்வி கேட்பதுதான். உன் தெருவில் என்ன பார்த்தாய், அது ஏன் அப்படி இருக்கிறது, ஆண்டவர் இதை எப்படிப் பார்ப்பார், நீ என்ன செய்யப்போகிறாய்? பதிலும் முடிவும் பிள்ளைகளுடையவை.

இனி, நான் இன்று முக்கியமாகச் சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன். இன்றைய வாசகம் பத்தாம் வசனத்தில் நின்று, அங்கிருந்து பத்தொன்பதுக்குப் போய்விடுகிறது. நடுவில் உள்ள எட்டு வசனங்களை வீட்டுக்குப் போய் எடுத்து வாசியுங்கள். அன்றிரவு கடவுள் அந்தச் சிறுவனிடம் என்ன சொன்னார் என்பது அங்கேதான் இருக்கிறது. ஏலியின் மகன்கள் இருவரும் குருக்கள். மக்கள் கொண்டுவந்த காணிக்கையைப் பறித்தவர்கள். சந்திப்புக் கூடாரத்தின் வாசலில் பணிபுரிந்த பெண்களிடம் முறைகேடாக நடந்தவர்கள். ஏலிக்கு அது தெரியும். கண்டித்துப் பேசினார், ஆனால் தடுத்து நிறுத்தவில்லை. அதற்கான தீர்ப்பைத்தான் கடவுள் சொன்னார், அதுவும் ஒரு சிறுவனின் காதில்.

விடியும்வரை சாமுவேல் படுத்திருந்தான். காலையில் எழுந்து கதவுகளைத் திறந்தான். ஏலியிடம் சொல்லப் பயந்தான் என்று விவிலியம் எழுதி வைத்திருக்கிறது. தன்னை வளர்த்தவரின் வீட்டைப் பற்றிய செய்தியை அவரிடமே எப்படிச் சொல்வான்? அவனாக வாய் திறக்கவில்லை, ஏலிதான் கூப்பிட்டார். எதையும் மறைக்காமல் சொல் என்று வற்புறுத்திக் கேட்டார். கேட்டபின் அவனை அடிக்கவில்லை, பொய் என்று சொல்லவில்லை, யாரிடமும் சொல்லாதே என்று வாயைக் கட்டவில்லை. அவர் ஆண்டவர், அவருக்கு நல்லதாகத் தோன்றுவதைச் செய்யட்டும் என்று ஏற்றுக்கொண்டார். மகன்கள் விஷயத்தில் தவறிய ஏலி, இந்தப் பையன் விஷயத்தில் தவறவில்லை.

பயந்துபோன ஒரு பிள்ளை, பெரியவர் கேட்டால்தான் பேசும். ஆகவே இந்தப் பணிக்கு வருகிறவர்களிடம் ஆலயத்தின் நடுவில் நின்றே சொல்கிறேன். பூட்டிய அறையில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. குருவுக்கும் இதே விதிதான், எனக்கும் இதே விதிதான். பயணம் என்றாலும் முகாம் என்றாலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் உடன் இருக்க வேண்டும்; பெண் பிள்ளைகள் இருந்தால் ஒரு பெண்ணாவது கட்டாயம். செய்தி அனுப்புவதாக இருந்தால் எல்லாரும் பார்க்கும் குழுவில் அனுப்புங்கள், இரவில் தனிச்செய்தி வேண்டாம். தனக்கு நேர்ந்த தீங்கை ஒரு பிள்ளை சொன்னால் நம்புங்கள். பங்கின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி வைக்காதீர்கள். 18 வயது நிறையாத பிள்ளைக்கு இழைக்கப்படும் பாலியல் குற்றத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பதை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கடமையாக்கியிருக்கிறது. தெரிந்தும் மறைப்பது அந்தச் சட்டத்தின்படி குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் நம் பிள்ளைகள் எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

நம் தென்மாவட்டத்துக்கே உரிய இன்னொரு வேதனையும் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். உடன் படித்த மாணவர்களே ஒரு தலித் மாணவனின் வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, சாதியைக் காட்ட மாணவர் கையில் கட்டும் நிறக்கயிறுகளைத் தடை செய்யச் சொன்னது. அந்த நிறங்களின் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? வீட்டில், திண்ணையில், கல்யாணப் பந்தியில் பேசிய பெரியவர்கள்தாம். இந்தத் தெருப் பிள்ளைகள் ஓர் அணி, அந்தத் தெருப் பிள்ளைகள் ஓர் அணி என்று பிரித்துப் பார்க்கிற மனம் ஒருவரிடம் இருந்தால், அவர் எவ்வளவு செபித்தாலும், எவ்வளவு நன்கொடை தந்தாலும், இந்தப் பணிக்கு அவர் வேண்டாம்.

நற்செய்தியில் திருமுழுக்கு யோவான் இரண்டு சீடர்களோடு நிற்கிறார். இயேசு அந்தப் பக்கம் போகிறார். யோவான் அவரைச் சுட்டிக்காட்டுகிறார். சீடர்கள் இருவரும் யோவானை விட்டுவிட்டு இயேசுவின் பின்னே போய்விடுகிறார்கள். யோவான் கூப்பிட்டுத் தடுக்கவில்லை. பிள்ளைகளோடு உழைத்தவர்களுக்கு இதன் வலி தெரியும். பார்த்துப் பார்த்து வளர்த்த பெண் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ வேலைக்குப் போய்விடுவாள், பொங்கலுக்கு வந்தாலும் ஒரு வணக்கத்தோடு முடித்துக்கொள்வாள். அவள் போன இடத்தில் ஞாயிறு திருப்பலியைத் தேடிப் போகிறாளா, பக்கத்து அறைப் பெண்ணின் கண்ணீரைக் கவனிக்கிறாளா என்பதில்தான் உங்கள் உழைப்பின் பலன் இருக்கும். அதை நீங்கள் பார்க்காமலே போகலாம்.

நான் அதிகம் படிக்கவில்லை சாமி, எனக்கு இந்தப் பிள்ளைகளின் பேச்சே புரியவில்லை என்று சொல்வோர் உண்டு. 2018 மார்ச்சில் உரோமையில் கூடிய சுமார் முந்நூறு இளையோர், தங்களுக்கு எப்படிப்பட்ட வழிகாட்டி வேண்டும் என்று கூறியதைத் திருத்தந்தை பிரான்சிஸ் மறு ஆண்டு ‘கிறிஸ்து வாழ்கிறார்’ மடலில் சேர்த்திருக்கிறார். குறையில்லாத மனிதரை அவர்கள் கேட்கவில்லை. தன் பலவீனத்தை அறிந்த, மன்னிப்புப் பெற்ற பாவியாகத் தன்னை உணர்ந்த ஒருவர், முன்னால் இழுத்துப் போகாமல் கூடவே நடந்து வந்தால் போதும் என்றார்கள். இம்மாத இறுதியில் நாம் திருநாள் கொண்டாடும் தூய ஜான் போஸ்கோவின் தாய் மார்கரெட், 1846இல் தம் 58ஆம் வயதில் சொந்தக் கிராமத்தை விட்டு தூரின் நகரத்துக்கு நடந்தே வந்தார். எழுத்தறியாத விவசாயப் பெண். தம் திருமணச் சீராக வந்த துணிகளையும் மகனிடம் அடைக்கலம் தேடி வந்த பிள்ளைகளுக்காகக் கொடுத்துவிட்டு, இரவெல்லாம் அவர்களின் கிழிசல்களைத் தைத்துக் கொடுத்தார். பத்து ஆண்டு, சாகும்வரை, அங்கேயே இருந்தார்.

வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் மறைக்கல்வி அரங்கில் இளையோர் கூடுகிறார்கள். ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று தொடங்கலாம். கூடுதலாக வந்தால் இன்னும் நல்லது. யாரை ஏற்பது என்பதை நான் மட்டும் முடிவு செய்யப்போவதில்லை. இளையோர் பொறுப்பாளர்களும் உங்களிடம் கேள்வி கேட்பார்கள், ஏன் வருகிறீர்கள், எத்தனை ஆண்டு இருப்பீர்கள் என்று. கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். ஓர் ஆண்டு மட்டும் முடியும் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிள்ளைகளை ஏமாற்ற வேண்டாம். மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு வருகிறது. அதுவரை பெரிய நிகழ்ச்சி எதுவும் வேண்டாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். மாலையில் படிக்க இடம் கேட்டார்கள். அரங்கின் சாவியை வாங்கி, ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை திறந்து வைத்து, மின்விசிறி ஓடுகிறதா, எல்லாரும் பத்திரமாக வீடு திரும்பினார்களா என்று பார்த்துக்கொள்ள இருவர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் திருப்பலி முடிந்ததும் சாக்றீஸ்துக்கு வாருங்கள்.

இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.