சூளுரையும் அறமும்: நைஜீரிய மாணவர் இரகசியக் குழுக்களை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

சொன்ன சொல்லைக் காத்தல் அறம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயின், தீமையை மறைப்பதற்கென்றே வாங்கப்பட்ட சொல்லையும் ஒருவன் காத்தல் வேண்டுமா என்னும் வினா எழும்போது அவ்வறம் சோதனைக்கு உள்ளாகின்றது. மேற்கு ஆப்பிரிக்க நாடாகிய நைஜீரியாவின் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் வேரூன்றிய மாணவர் இரகசியக் குழுக்கள் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றன. அக்குழுக்களை ஒடுக்கும் முயற்சிகள் முழுவெற்றி பெறாமைக்குரிய அறவியல் காரணத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் திரிபும்

இக்குழுக்களின் தொடக்கம் தீயதன்று. 1952ஆம் ஆண்டில் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயின்ற எழுவர் 'பைரேட்ஸ்' என்னும் கழகத்தை நிறுவினர். பின்னாளில், 1986இல், இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற வோலே சோயிங்கா அவ்வெழுவருள் ஒருவர். காலனிய மேட்டிமை மனப்பான்மையையும் இனக்குழுப் பிரிவினையையும் எதிர்த்தல் அக்கழகத்தின் குறிக்கோளாக இருந்தது. கடற்கொள்ளையர் வேடமும் விருதுப் பெயர்களும் எள்ளலுக்காகக் கொள்ளப்பட்டவை.

1972இல் இக்கழகத்தினின்று நீக்கப்பட்டோர் 'பக்கனியர்ஸ்' குழுவைத் தொடங்கினர். 1977இல் பெனின் பல்கலைக்கழகத்தில் 'பிளாக் ஆக்ஸ்' என்று அறியப்படும் அமைப்பும், எண்பதுகளின் தொடக்கத்தில் போர்ட் ஹார்கோர்ட், கலாபார் முதலிய இடங்களில் வேறு பல குழுக்களும் தோன்றின. குழுக்கள் பெருகியபோது அவற்றிடையே பகை வளர்ந்தது. பகை வளர்ந்தபோது படைக்கலம் நுழைந்தது. பைரேட்ஸ் கழகம் 1984இல் கல்வி வளாகங்களினின்று விலகிக்கொண்டது. ஏனையவை விலகவில்லை. இளைஞரை அடித்துத் துன்புறுத்தி, இருளில் சூளுரைக்கச் செய்து உறுப்பினராக்கும் வழக்கம் நிலைபெற்றது. விலக விரும்புவோன் குழுவின் மறைபொருளை அறிந்தவன் ஆதலின், அவனுக்கு உயிரச்சம் ஏற்பட்டது.

இராணுவ ஆட்சி 1989இல் பிறப்பித்த 47ஆம் எண் ஆணை இங்குக் கருதத்தக்கது. இரகசியக் குழுக்களைத் தண்டிக்க வந்த அதே ஆணை, மாணவர் பேரவைகளையும் கட்டுப்படுத்தியது. வெளிப்படையாகக் கூடி வாதிட்ட அமைப்பு நலிவுற்றது; மறைவில் கூடியதோ தொடர்ந்து இயங்கியது. ஒளியை மங்கச் செய்துவிட்டு இருளைத் துரத்த முற்பட்டதற்கு இஃது ஒப்பாகும்.

இஃபே தரும் பாடம்

1999 சூலை 10ஆம் நாள் விடியலுக்கு முன்னர், இலே-இஃபே நகரின் ஒபாஃபெமி அவோலோவோ பல்கலைக்கழக மாணவர் விடுதிகளில் இரகசியக் குழுவினர் புகுந்து தாக்கினர். ஐந்து மாணவர் உயிரிழந்தனர். இரகசியக் குழுக்களை வெளிப்படையாக எதிர்த்துவந்த மாணவர் பேரவையின் பொதுச்செயலாளர் அவருள் ஒருவர். இதற்குச் சில மாதங்களுக்கு முன், குழுவினர் சிலரை மாணவரே படைக்கலங்களுடன் பிடித்துக் காவல்துறையிடம் ஒப்படைத்திருந்தனர்; அவர்கள் தண்டனையின்றி விடுவிக்கப்பட்டனர் என்பது நோக்கத்தக்கது. உண்மையை வெளிப்படுத்தியவர்களை நிறுவனம் காக்கத் தவறியது. பேசியவன் மாண்டான், பேசாதவன் பிழைத்தான் என்று கண்ட இளைஞனுக்கு எந்த அறவுரையும் துணிவைத் தராது.

சூளுரை கட்டுப்படுத்துமா?

குழுவைவிட்டு நீங்குவோனைக் 'காட்டிக்கொடுப்பவன்' என்று பழித்தல் எங்கும் உள்ள வழக்கம். தமிழ் மரபு இச்சிக்கலை ஆழ்ந்து சிந்தித்துள்ளது. கம்பராமாயணத்தில் கும்பகருணன் செஞ்சோற்றுக் கடனுக்காகத் தமையனுடன் நிற்கின்றான்; வீடணன் அறத்துக்காகத் தமையனை நீங்குகின்றான். கும்பகருணனின் உறுதியைப் போற்றுவோர், குழுப்பற்றும் அத்தகைய பண்பே என வாதிடக்கூடும்.

இவ்வாதம் மூன்று காரணங்களால் பொருந்தாது. முதலாவதாக, கும்பகருணன் இராவணன் செய்தது தவறு என்பதை அவையிலேயே எடுத்துரைத்தான். இடித்துரைத்தலை நட்பின் கடமையாக வள்ளுவரும் கொண்டார். இரகசியக் குழுவின் சூளுரையோ இடித்துரைக்கும் நாவையே முதலில் கட்டுகின்றது. இரண்டாவதாக, கும்பகருணன் தன் கடனைத் தன் உயிரால் தீர்த்தான். குழுவினன் தன் கடனைப் பிறர் உயிரால் தீர்க்கின்றான். மூன்றாவதாக, தன்னை அழைக்க வந்த வீடணனைக் கும்பகருணன் துரோகி எனத் தூற்றவில்லை. அவன் இராமனிடமே திரும்பிச் சென்று வாழவேண்டும் என்கின்றான். இறக்கும் தறுவாயில், இராவணனால் தம்பிக்குத் தீங்கு நேராமல் காக்குமாறு இராமனிடமே வேண்டுகின்றான். நீங்கியவனுக்குக் காவல் தேவை என்பதை, நீங்காது நின்றவனே உணர்ந்து கேட்கும் இடம் இது.

ஆகவே தீமையை மறைக்க வாங்கிய சூளுரைக்குக் கட்டுப்படுத்தும் ஆற்றல் இல்லை. அச்சுறுத்திப் பெறப்பட்டது என்பது ஒரு காரணம். அதனினும் வலியது, பிறர்க்குரிய உயிரையும் நீதியையும் ஈடாக வைத்துச் சொல் கொடுக்க எவருக்கும் உரிமையில்லை என்பதாகும். தனக்கு உரிமையில்லாத பொருளை ஒருவன் அடகு வைத்தல் செல்லாது.

மறைவெல்லாம் தீமையா?

இங்கு ஒரு மறுப்பு எழலாம். 1902இல் கல்கத்தாவில் தோன்றிய அனுசீலன் சமிதியில் மாணவர் பலர் சூளுரைத்துச் சேர்ந்தனர், மறைவாகவே இயங்கினர். அதனைத் தீயது என்று ஒதுக்க முடியுமா என்பதே அம்மறுப்பு.

செருமானிய மெய்யியலார் காண்ட், 1795இல் வெளியிட்ட 'நிலைத்த அமைதி' பற்றிய நூலில் ஓர் அளவுகோலைத் தந்தார். பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நெறியை வெளிப்படையாகச் சொல்ல இயலாதாயின் அச்செயல் நீதியற்றது என்பது அதன் சாரம். விடுதலை இயக்கத்தார் ஆளையும் திட்டத்தையும் மறைத்தனர், நோக்கத்தை மறைக்கவில்லை. நாடு விடுதலை பெறவேண்டும் என்பதை ஊரறியச் சொல்ல அவர்கள் நாணவில்லை. அவர்தம் வழிமுறை சரியா என்பது தனி வினா. மறைவையே ஏற்காத காந்தியடிகள் அதனை ஏற்கவில்லை. மாணவர் இரகசியக் குழுக்களோ தம் நோக்கத்தையே சொல்ல இயலாதவை. 1999ஆம் ஆண்டின் நைஜீரிய அரசமைப்புச் சட்டம், தகுதியையும் நடுவுநிலைமையையும் நீதியையும் கருதாது உறுப்பினர் ஒருவருக்கொருவர் உதவி, உறுப்பினர் அல்லாதார்க்குரிய நியாயமான வாய்ப்பைக் கெடுப்பதை இரகசியச் சங்கத்தின் இலக்கணங்களுள் ஒன்றாகக் கூறுகின்றது. மறைவு என்பதனினும் நடுவின்மையே குற்றத்தின் வேர் என இவ்வரையறை கொள்வது சிறப்புடைத்து.

சொல்லுக்கு எதிர்ச் சொல்

நைஜீரியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், இத்தகைய குழுக்களில் சேரேன் என்று புதிய மாணவரிடம் உறுதிமொழி பெறப்படுகின்றது. இந்தியாவிலும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள், பகடிவதையில் ஈடுபடேன் என்னும் உறுதிப் பத்திரத்தை மாணவரிடமும் பெற்றோரிடமும் பெறச் செய்கின்றன. பகடிவதை வேறு, இரகசியக் குழு வேறு. ஆயினும் மூத்தோரின் வன்முறையைப் 'பழக்கம்' என்று பொறுத்தலும், வெளியில் சொல்வோனை இழிவாகக் கருதுதலும் இரண்டிற்கும் பொதுவானவை.

தாளில் இட்ட கையொப்பம், அச்சத்தில் இட்ட சூளுரையை வெல்லுமா? தனித்து நின்று வெல்லாது. குழு தன் சொல்லைக் காக்கின்றது: பேசினால் தண்டிப்பேன் என்கின்றது, தண்டிக்கின்றது. நிறுவனமும் தன் சொல்லைக் காத்தல் வேண்டும். பேசினால் காப்பேன் என்றால் காத்தல் வேண்டும். முறையீட்டாளர் பெயர் மறைவாக இருத்தல், விலகுவோர்க்கு விடுதி மாற்றமும் கல்லூரி மாற்றமும் தருதல், கட்டாயத்தால் சேர்ந்தோரையும் கொலை புரிந்தோரையும் வேறுபடுத்தல், வழக்கை இடையில் கைவிடாமை ஆகியன அக்காப்பின் உறுப்புகளாம். விலகியோரை மேடையேற்றிப் பலரறியத் துறப்புரை சொல்ல வைத்தல் காண்போர்க்கு நிறைவு தரலாம். ஆயின் அது விலகியவனைப் பகைவர்க்கு அடையாளம் காட்டுவதுமாகும்.

முடிவுரை

இளைஞர் இரகசியக் குழுவை நாடுவது பெரும்பாலும் தீமையை விரும்பி அன்று. காவலும் மதிப்பும் தோழமையும் வேண்டியே ஆகும். அவற்றைக் கல்விநிலையம் வெளிச்சத்தில் தாராதபோது இருளில் ஒருவன் தருகின்றான். விலையாகச் சூளுரையை வாங்குகின்றான். அச்சூளுரை அறத்தின்முன் செல்லாது என்பது தெளிவு. ஆயின் செல்லாது என்று சொல்வதோடு ஆசிரியரின் கடமையும் ஆட்சியாளரின் கடமையும் முடிவதில்லை. சொல்லை மீறி வருபவனுக்குக் கதவைத் திறந்து வைத்தலும், வந்தபின் அவனைக் கைவிடாமையும் அவர்தம் கடனாகும்.