வண்டியோரப் பந்தலும் விரதமும்

ஆடிக் கிருத்திகை நெருங்கினால் திருத்தணிக்கு வரும் சாலைகளின் ஓரங்களும் மரமில்லாத காலி மனைகளும் வண்டிகளால் நிறைந்துவிடும். சென்னை, வேலூர், அரக்கோணம் பக்கத்திலிருந்தும், ஆந்திர எல்லைக்கு அப்பால் நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்திலிருந்தும் வேன், டிராக்டர், மினி லாரி என்று கிடைத்ததில் ஏறிக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வண்டி நின்றதும் தார்ப்பாய் அவிழ்கிறது. அதன் ஒரு பக்கத்தை வண்டியின் மேல் கேரியரில் கட்டி, மறுபக்கத்தை இரண்டு சவுக்குக் கழிகளில் தூக்கி நிறுத்தினால் வண்டியை ஒட்டியே ஒரு பந்தல் தயார். பாட்டி காலை நீட்டிப் படுப்பதும், கைக்குழந்தைக்குத் தூளி தொங்குவதும், காவடிக்குப் பூச்சரம் சுற்றுவதும் அதன் கீழேதான். பார்ப்பதற்கு எளிய ஏற்பாடு. ஆனால் இதற்குள் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. மஞ்சள் உடுத்தி, செருப்பைத் துறந்து, ஒருபொழுது இருந்து காவடி சுமந்து வருகிறவருக்கு நிழல் எதற்கு? வெயிலும் வேண்டுதலில் சேர்ந்ததுதானே? பந்தல் கட்டிக்கொண்டால் யாத்திரை உல்லாசப் பயணமாகிவிடாதா? நிழல் விரதத்தைக் குறைப்பதில்லை என்பதே என் முடிவு. ஆனால் கட்டிய நிழலுக்கு ஒரு கடன் உண்டு. அதை அடைக்காமல் விடும்போதுதான் விரதம் குறைபடுகிறது.

முதலில், வேண்டுதல் என்பது என்ன என்று பார்க்க வேண்டும். ஒருவர் முருகனிடம் சொல்லிக்கொண்டது எதுவோ, அதுதான் அவருடைய வேண்டுதல். காவடி எடுப்பதாகச் சொன்னவர் காவடி எடுக்க வேண்டும். முடி தருவதாகச் சொன்னவர் முடி தர வேண்டும். படியேறி வருவதாகச் சொன்னவர் 365 படிகளையும் ஏற வேண்டும். சொன்னதைக் குறைப்பது தவறு. சொல்லாத துன்பங்களையெல்லாம் பின்னாலிருந்து அதில் ஏற்றிவைத்து, அவற்றைத் தாங்காதவர் பக்தியில் குறைந்தவர் என்பதும் தவறுதான். வள்ளுவர் தவத்துக்கு வடிவம் சொல்லும்போது, வந்த துன்பத்தைப் பொறுத்துக்கொள்வதையும் பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருப்பதையும் சேர்த்தே சொல்கிறார். துன்பத்தைத் தேடிப்போய் வாங்கச் சொல்லவில்லை. கீதையின் 17-ஆம் அத்தியாயம் இன்னும் கடுமையானது. சாத்திரம் விதிக்காத கோர தவத்தால் உடம்பை வதைப்பவர்களை அது அசுரத் தன்மையோரின் வரிசையில் வைக்கிறது. வள்ளுவர் சொன்னதன் இரண்டாம் பாதி நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. வேனில் வந்திருப்பவர்கள் எல்லோரும் விரதக்காரர்கள் அல்ல. காவடி எடுப்பவர் ஒருவரோ இருவரோ. கூட வந்த மூதாட்டியும், பால்குடி மறவாத பிள்ளையும், இரவெல்லாம் கண்விழித்து வண்டி ஓட்டிவந்த டிரைவரும் எந்த வேண்டுதலும் செய்துகொள்ளவில்லை. என் விரதம் என்னைக் கட்டும்; அடுத்தவரை வெயிலில் நிறுத்தும் உரிமையை அது எனக்குத் தருவதில்லை.

சைவ மரபின் சாட்சியமும் இந்தப் பக்கமே நிற்கிறது. பெரியபுராணத்தில் ஞானசம்பந்தர் கடும் வேனிலில் பட்டீச்சரத்துக்கு வரும்போது, சிவபெருமான் பூதகணங்களிடம் முத்துப்பந்தர் கொடுத்தனுப்பி அவர் வரும் வழியெல்லாம் நிழல் செய்கிறார். வெயிலில் வந்தால்தான் தரிசனம் என்று கோயில் வாசலில் காத்துக்கொண்டு இருக்கவில்லை. அடியவரோடு கூடவே நகர்ந்து வந்த பந்தல் அது. ஆனி மாதத்தில் இன்றும் அங்கே அது விழாவாக நடக்கிறது. திருக்குருகாவூர்க் கதையில் சுந்தரர் தம் கூட்டத்தோடு பசியும் தாகமுமாக வருகிறார். இறைவன் அந்தணர் வடிவில் வழியில் பந்தல் போட்டு, தண்ணீரும் பொதிசோறும் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அவர்கள் உண்டு, உறங்கி எழுந்தபோது பந்தலும் இல்லை, அந்தணரும் இல்லை. தேவை உள்ளவரை நின்று, தேவை தீர்ந்ததும் மறைந்த பந்தல். திங்களூர் அப்பூதி அடிகள் நாவுக்கரசரை நேரில் காண்பதற்கு முன்பே அவர் பெயரில் தண்ணீர்ப்பந்தல் வைத்தார். இந்த மூன்று கதைகளிலும் வழிநடைக்காரருக்கு நிழல் கிடைப்பது அவருடைய பக்தியின் குறையாக எங்கும் சொல்லப்படவில்லை. அதே சமயம், எந்தக் கதையிலும் ஒருவர் தனக்கென்று மட்டும் பந்தல் போட்டுக்கொள்ளவும் இல்லை. சம்பந்தரும் சுந்தரரும் கூட்டத்தோடு வந்தவர்கள். நிழல் கூட்டத்துக்கே கிடைத்தது. நான் கடன் என்று சொன்னதன் வேர் இங்கே இருக்கிறது.

வேறு சமயங்களும் இதே கேள்வியை எதிர்கொண்டிருக்கின்றன. எல்லாமே ஒரே பதிலைச் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். யூதர்கள் சுக்கோத் பண்டிகையின்போது ஏழு நாள் தழைக்கூரைக் குடிலில் தங்குவார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட அவர்களுடைய சட்டநூலான மிஷ்னா, வண்டியின் மேலோ கப்பலின் மேலோ கட்டிய குடிலும் செல்லும் என்கிறது. நிழலைவிட வெயில் அதிகமாக விழுந்தால் குடில் செல்லாது. அங்கே நிழலே வழிபாட்டின் விதி. இஸ்லாத்தில் விவாதம் இருந்தது. நபிகள் நாயகத்தின் இறுதி ஹஜ்ஜில் தோழர் ஒருவர் துணியை உயர்த்திப் பிடித்து அவருக்கு வெயிலை மறைத்ததாக சஹீஹ் முஸ்லிம் என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரு செய்தி உண்டு. ஆனால் ஷியா சட்ட அறிஞர்கள், இஹ்ராம் என்ற ஹஜ் உடை அணிந்த ஆண்கள் பகலில் கூரையின் கீழ்ப் பயணம் செய்யக் கூடாது என்கிறார்கள். அதனால்தான் ஷியா பயணிகளுக்குக் கூரையில்லாத பேருந்துகள் ஓடுகின்றன. நிழலைத் துறப்பதற்கும் சமயத்தில் இடம் உண்டு என்று வாதிடுவோருக்கு இதைவிட வலுவான சான்று கிடைக்காது. ஆனால் அந்த விதியைக் கூர்ந்து பார்த்தால், போகும்போது கூரை கூடாது, தங்குமிடத்தில் கூடாரம் கூடும் என்பதே அதன் பிரிவு. அதுவும் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த, எழுதப்பட்ட விதி. முருக வழிபாட்டில் அப்படியொரு விதி கிடையாது. இல்லாத விதியை வைத்துப் பக்தரை அளப்பது நியாயமாகாது.

திருத்தணியின் தலமரபே இந்த வாதத்துக்குத் துணை நிற்கிறது. சூரனை வென்ற முருகன் சினம் ஆறி அமர்ந்த மலை இது என்பது நம்பிக்கை. அதனால்தான் மற்ற முருகன் கோயில்களில் கந்தசஷ்டி அன்று சூரசம்ஹாரம் நடக்கும்போது இங்கே அது நடப்பதில்லை. சுவாமிக்குப் பூச்சொரிந்து வழிபடுகிறார்கள். ஆடிக் கிருத்திகையை ஒட்டி மூன்று நாள் அடிவாரத்துச் சரவணப் பொய்கையில் தெப்பம் நடக்கிறது. அங்கே உற்சவர் வலம் வருவது விதானம் கட்டி அலங்கரித்த தெப்பத்தில். ஆறவைக்கும் தெய்வத்தின் ஊரில், வெயிலில் வாடுவதே வழிபாடு என்று வலியுறுத்துவது தலத்தின் இயல்புக்கே பொருந்தவில்லை.

இனி கடனைப் பற்றி. பந்தல் கட்டும் முறையிலேயே அதை விளக்கலாம். திருத்தணி ஏறத்தாழ 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஆடி மாதம் முழுக்க உச்சிவேளைச் சூரியன் ஊருக்கு நேர் மேலே இல்லை, சற்று வடக்கே நிற்கிறது. சாய்வதும் மேற்குக்கு வடக்கே. எனவே பிற்பகலில் தொல்லை தருவது வடமேற்கு வெயில். வண்டியை வடக்கு தெற்காக நிறுத்திக் கிழக்குப் பக்கம் பந்தல் இறக்கினால், வண்டியே மேற்குச் சுவராக நின்று வெயிலையும் காற்றையும் தடுக்கும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது சும்மா சொன்னதல்ல. மேல்காற்று தார்ப்பாயின் அடியில் புகுந்தால் கழியோடு தூக்கிவிடும். பாறைத் தரையில் முளை இறங்காத இடங்களில் மண்மூட்டை கட்டி இழுத்தால்தான் நிற்கும். மாலையில் இடிமழை வந்தால் தண்ணீர் தேங்காமல் வடிய, வெளிப்பக்கம் ஒரு முழமாவது தாழ்ந்திருக்க வேண்டும். பாயைத் தலையில் இடிக்கும்படி கட்டினால் சூடான பாயே அனல் வீசும், உயரமும் வேண்டும். அடுப்பு எக்காரணம் கொண்டும் அதன் கீழே கூடாது. இப்படிக் கட்டிய பந்தலுக்கு ஒரு பக்கம் சுவர், மூன்று பக்கம் திறப்பு. அந்தத் திறப்பில் சேலையைத் தொங்கவிட்டு மறைத்தால் அது அறை. திறந்தே விட்டால், நடந்து வருகிறவர் கேட்காமலே வந்து உட்காரக்கூடிய இடம். துணியும் கழியும் கயிறும் இரண்டுக்கும் ஒன்றுதான். தாய் பிள்ளைக்குப் பால் கொடுக்கவோ, உடை மாற்றவோ சேலையை இறக்கினால் அதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. நாள் முழுக்க இறங்கியே கிடக்கும் சேலைதான், அந்த நிழலில் இன்னொருவருக்கு இடமில்லை என்று அறிவிக்கிறது.

இதற்கு வரும் மறுப்புகளில் மிக நியாயமானது நடந்து வருகிறவர்களின் தரப்பிலிருந்து வருவது. வண்டி இருப்பவர் நிழலையும் சுமந்து வருகிறார். பல கல் தொலைவு காவடியோடு நடந்து வருகிறவருக்கு அதுவும் இல்லை. சாலையோரத்தையும் பந்தல்கள் பிடித்துக்கொண்டால் அவர் தாருக்கு நடுவில் நடக்க வேண்டியதுதானா? இந்தக் குறையை மறுக்க முடியாது. பொது இடத்தில் நிழல் கட்டுகிறவர் பொதுவில் ஒரு பகுதியைத் தன் பக்கம் எடுத்துக்கொள்கிறார். அதைத் திருப்பித் தரும் வழி, அந்த நிழலைப் பொதுவாக்குவதுதான். கழியை நடைவழிக்கு உள்ளேயே நிறுத்துவது, இழுகயிறு நடப்பவர் காலைத் தடுக்காமல் பார்த்துக்கொள்வது, தண்ணீர்ப் பானையை வண்டியோரத்தில் ஒளிக்காமல் வெளிக்கழியின் அருகில் வைப்பது, நடந்து வந்தவருக்கு முதலில் இடம் தருவது ஆகியவை சிறிய காரியங்கள். ஆனால் சுமந்து வந்த நிழலை உரிமை கொண்டாடாமல் பகிர வைப்பவை இவையே.

இன்னொரு மறுப்பு, இதெல்லாம் அறநிலையத் துறையும் நகராட்சியும் செய்ய வேண்டிய வேலை, பக்தர்கள் தலையில் ஏன் கட்டுகிறீர்கள் என்பது. கோடை வெப்பப் பட்டியலில் வேலூரோடு தவறாமல் இடம்பெறும் ஊருக்கு நிழற்கூடங்களும் சாலை மரங்களும் அவசியம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. வழிநெடுக ஆலமரம் நடச்செய்ததை அசோகர் தம் தூண் சாசனத்தில் ஆட்சியின் பணியாகவே பதித்தார். மதுரையில் ராணி மங்கம்மாள் சாலையும் சத்திரமும் அமைத்தார். அரசின் கடமை அரசுடையது. ஆனால் அரசு செய்யும் நிழல் எவ்வளவு பெருகினாலும், பக்கத்தில் நிற்கிறவருக்கு நான் நகர்ந்து கொடுக்க வேண்டிய இடத்தை அது நிரப்பாது. அசோகர் மரம் நட்டார் என்பதற்காக அப்பூதி அடிகளின் பந்தல் தேவையற்றதாகிவிடவில்லை.

இந்த ஊர் யாருக்கு என்று ஒரு காலத்தில் பெரும் போராட்டமே நடந்தது. ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடு வரையப்பட்டது, ஆனால் காவடிகள் கோட்டைப் பார்த்து வருவதில்லை. ஆடியில் தெலுங்கும் தமிழும் பக்கத்துப் பக்கத்தில்தான் அடுப்பு மூட்டுகின்றன. இரண்டுக்கும் பொதுவாக இருக்கும் அரோகரா ஒன்றே அறிமுகத்துக்குப் போதும். முன்பின் தெரியாதவரும் மொழி தெரியாதவரும் நம் தார்ப்பாயின் கீழ் உட்காரும்போது விரதம் சிறிதும் தளர்வதில்லை. வெயிலில் நின்று நாம் காட்ட நினைத்த பணிவு, அவருக்கு இடம்விட்டு நகரும்போது அதைவிட நன்றாகக் காட்டப்படுகிறது. ஆகவே காவடிக்காரரிடம், தார்ப்பாயை அவிழ்க்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவிழ்த்துக் கட்டுங்கள், உயரமாகக் கட்டுங்கள், நம் ஆட்கள் தலையை எண்ணித் தார்ப்பாய் வாங்கும்போது வரப்போகும் அந்நியர் இருவரையும் எண்ணிக்கையில் சேர்த்து வாங்குங்கள் என்றே சொல்வேன்.