சுவிகாரம்: அருளால் பிறக்கும் உறவு

தமிழ் விவிலியம் 'புத்திர சுவிகாரம்' எனக் குறிப்பது, இரத்த உறவில்லாத ஒருவரை முழு உரிமையுள்ள பிள்ளையாக ஏற்பதையாகும். ரோமச் சட்டத்திலும் வேரூன்றியிருந்த இவ்வழக்கைக் கொண்டே, இறைவன் மனிதரைத் தகுதி நோக்காது அருளால் தம் மக்களாக்குகிறார் என்று பவுல் விளக்கினார்.

ஆயினும், இக்கோட்பாட்டைப் போற்றும் இந்தியக் கிறித்தவர்கள், தமக்கெனத் தத்துச் சட்டம் இல்லாமையால், நெடுங்காலம் பெரும்பாலும் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்படி காப்பாளர்களாக மட்டுமே இருக்க நேர்ந்தது. காப்பாளர் உறவு பிள்ளை வயதுக்கு வந்ததும் முடிந்துவிடும், வாரிசுரிமையும் தராது. சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006ஆம் ஆண்டுத் திருத்தமுமே சமய வேறுபாடற்ற தத்துக்கு வழி திறந்தன.

எனினும், உறவை ஆவணம் மட்டும் ஆக்குவதில்லை. 1901 முதல் நெல்லைப் பகுதியில், டோனாவூரை நிலைக்களமாகக் கொண்டு குழந்தைகளை வளர்த்த கிறித்தவ மறைப்பணியாளர் ஏமி கார்மைக்கேல், அக்குழந்தைகளுக்கு 'அம்மா' ஆனார். ஊட்டுதல், நோயில் விழித்திருத்தல், பிழை பொறுத்தல் ஆகிய அன்றாடச் செயல்களிலேயே அருள் என்னும் கருத்து உறவாக உருப்பெறுகிறது.