கண்ட அமைதியும் கொண்ட அமைதியும்



பகலெல்லாம் உழைத்துக் களைத்த மனிதன் இரவில் எதனை நாடுகின்றான்? ஒருவன் கள்ளுக்கடையை நாடுகின்றான்; ஒருவன் சீட்டாட்டத்தை நாடுகின்றான். வேறொருவனோ தன் கைப்பேசியைத் திறந்து, எங்கோ ஒரு நாட்டில் ஒரு மனிதர் மலையும் மரமும் நீரோடையும் தீட்டுவதைப் பார்த்தபடியே உறங்கிவிடுகின்றான். இம்மூவரும் தேடுவது ஒன்றே. அது மன அமைதி. மூன்றாமவன் வழியால் பஞ்சசீலத்துக்கு ஊறில்லை. அவன் குடும்பத்துக்குப் பொருட்கேடும் இல்லை. ஆயினும் அவ்வழி நம்மை எதுவரை கொண்டுசேர்க்கும் என்று ஆராய்தல் நமது கடமையாகும்.

அமெரிக்க நாட்டில் பாப் ராஸ் என்றோர் ஓவியர் இருந்தார். 1942-இல் பிறந்து 1995-இல் மறைந்தவர். 1983 முதல் 1994 வரை அந்நாட்டின் பொதுத் தொலைக்காட்சியில் 'தி ஜாய் ஆஃப் பெயிண்டிங்', அதாவது 'ஓவியந் தீட்டும் மகிழ்ச்சி', என்னும் பெயரால் 403 பாடங்கள் நடத்தினார். ஒவ்வொரு பாடமும் அரைமணி நேரத்துள் அடங்கும். அவர் மறைந்து இருபதாண்டு சென்றபின், 2015-இல், ட்விட்ச் என்னும் இணையத் தளத்தில் அப்பாடங்கள் இடைவிடாது காட்டப்பட்டபோது, 56 இலட்சம் பேர் பார்த்தனர். இன்று நம் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் கடையடைத்து வீடு திரும்புபவரும் யூடியூபில் அவரைக் காணலாம். பார்ப்பவர் எல்லாரும் தூரிகை எடுப்பவர் அல்லர். பலர் ஓவியங் கற்கப் பார்ப்பதில்லை. ஆறுதல் பெறவே பார்க்கின்றனர்.

அந்த ஆறுதல் எங்கிருந்து வருகின்றது? மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது, அங்கே ஒரு வேளையில் ஒரு செயலே நடக்கின்றது. அவர் கித்தானின்மேல் வெண்ணிற எண்ணெய்ப் பூச்சை மெல்லியதாய்ப் பரப்பி, அது உலருமுன்னரே அதன்மேல் வண்ணங்களை இடுவார். வெறுமையாயிருந்த இடத்தில் நம் கண்ணெதிரே வானம் விரியும், மலை எழும், அதன் அடியில் நீர் தேங்கும். நூறு கவலைகளில் சிதறிய மனம் ஒரு தூரிகையின் நுனியிலே வந்து தங்குகின்றது.

இரண்டாவது, அங்கே பிழைக்குத் தண்டனை இல்லை. கை தவறி விழுந்த கோட்டை அவர் ஒரு மரமாக்கிவிடுவார். தவறு என்று ஒன்றில்லை, எதிர்பாராது வந்த நன்மையே உண்டு என்பது அவர் கொள்கை. சிறு பிழைக்கும் ஏச்சு வாங்கிப் பழகிய நம்மவர்க்கு அச்சொல் புண்ணுக்கு இட்ட மருந்தாகின்றது.

மூன்றாவது, அவருடைய குரல். ஈண்டுச் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். அம்மென்குரல் அவர் செய்துவந்த தொழில் தந்ததன்று. இருபதாண்டுகள் அவர் விமானப்படையில் பணியாற்றினார். தமக்குக் கீழிருந்தோரை அதட்டி வேலைவாங்கும் பதவியில் இருந்தார். அப்பணியை விட்டு நீங்கியபின் இனி எவரையும் உரக்க அதட்டுவதில்லை என்று உறுதி பூண்டதாக அவரே கூறியுள்ளார். ஆகவே அம்மென்குரல் ஒரு தீர்மானத்தின் விளைவு என்க. அவ்வாறே, அரைமணிப் பொழுதில் எளிதாய்த் தீட்டுவதாகத் தோன்றும் படத்தை அவர் முன்னரே ஒருமுறை தீட்டி வைத்துக்கொள்வார். நிகழ்ச்சியில் ஒருமுறையும், பின்னர் நூலுக்காக ஒருமுறையும் தீட்டுவார். நாம் காணும் அமைதிக்குப் பின்னே நாம் காணாத நன்முயற்சி நின்றது.

இனி நம் நிலையைப் பார்ப்போம். அம்மென்குரலை ஒரு மணி நேரம் கேட்டு மகிழ்ந்த தந்தை, குழந்தை வந்து கணக்கில் ஓர் ஐயம் கேட்டவுடன், "போ, தொல்லை பண்ணாதே!" என்று சீறுகின்றான். எனில், கேட்ட மென்மை எங்கே போயிற்று?

பகவன் புத்தர் மஜ்ஜிம நிகாயத்திலே ஒரு கதை சொல்கின்றார். சாவத்தி நகரில் வேதேகிகை என்றொரு செல்வச் சீமாட்டி இருந்தாள். சாந்தமானவள், பணிவுள்ளவள் என்று ஊரார் புகழ்ந்தனர். அவளுடைய பணிப்பெண் காளி என்பவள், 'என் தலைவிக்கு உண்மையிலேயே சினமில்லையா, அன்றி நான் வேலையைக் குறைவறச் செய்வதால் சினம் வெளிவராது நிற்கின்றதா?' என்று எண்ணினாள். ஒருநாள் வேண்டுமென்றே தாமதித்து எழுந்தாள். தலைவி முகஞ் சுளித்தாள். மறுநாள் இன்னும் தாமதித்தாள், கடுஞ்சொல் பிறந்தது. மூன்றாம் நாள் மேலும் தாமதிக்கவே, சீமாட்டி கதவுத் தாழ்க்கோலை எடுத்துக் காளியின் மண்டையை உடைத்தாள். குருதி ஒழுக நின்ற காளி, "பாருங்கள், சாந்தமானவளின் செயலை!" என்று அயலாரைக் கூவி அழைத்தாள்.

அன்பர்களே, திரைமுன் நாம் பெறும் அமைதி வேதேகிகையின் அமைதி. எல்லாம் இனிதாய் நடக்குமளவே அது நிற்கும். காளி தாமதித்து எழும்போதுதான் அதன் உண்மை தெரியும்.

அதே உபதேசத்தில் பகவன் ஓர் ஓவியனையும் காட்டுகின்றார். அரக்கும் மஞ்சளும் நீலமும் ஏந்திய ஒருவன் வெட்டவெளியிலே படம் எழுத முயல்கின்றான். வெளிக்கு உருவமில்லை, வண்ணம் அதிற் பற்றுவதில்லை, அவனுக்குக் களைப்பே மிச்சம். பிறர் இன்சொல் சொல்லினும் வன்சொல் சொல்லினும் உங்கள் உள்ளம் அவ்வெளிபோல் இருக்கட்டும் என்பது உபதேசம். அத்தகைய அமைதியைக் கண்ணாற் கண்டு பெறுதல் இயலாது. பழகியே பெறுதல் வேண்டும்.

அங்ஙனமாயின் பார்த்தல் பயனற்றதா? அன்று, அன்று. பார்த்தலிலும் இருவகை உண்டு என்பதற்கு நம் நகரமே சான்று. கிளிமானூரில் 1848-இல் பிறந்த இரவிவர்மா இளமையிலே திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தை முறையாகக் கற்பிப்பார் அவருக்கு வாய்க்கவில்லை. 1868-இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் ஆயில்யம் திருநாள் மன்னரின் அவைக்கு வந்தார். அவரும் கற்பிக்க இசைந்திலர். அருகிருந்து பார்க்க மட்டும் இரவிவர்மாவுக்கு அனுமதி கிடைத்தது. பார்த்தார், பார்த்ததைத் தம் கையால் முயன்றார். 1873-இல் வியன்னா கண்காட்சியில் அவருடைய ஓவியம் பரிசு பெற்றது. அருங்காட்சியக வளாகத்திலே அவருடைய படங்களை இன்றும் காணலாம். அவருக்கு முன் நடந்ததும் ஒருவர் தீட்டப் பார்த்திருத்தலே. நாம் இரவில் செய்வதும் அதுவே. அவர் எழுந்து தூரிகை எடுத்தார், நாம் உறங்கிவிடுகின்றோம்.

ஆலையில் நெடுங்காலம் நின்றவன் அறிந்த ஒன்றைச் சொல்கின்றேன். இழை அறுந்தால் கூச்சலிட்டு அதனை ஒட்டவைக்க இயலாது. விரல் நிதானமாயிருந்தால் மட்டுமே அறுந்த இழை கூடும். வீட்டிலும் சொல் அறுபடும் இடம் அத்தகையதே.

ஆதலின் களைத்தவர் பார்க்கட்டும். அதனால் ஒரு தீங்கும் இல்லை. ஆனால் பெட்டியை அணைத்தபின் மூன்றைக் கைக்கொள்க. மூச்சு உட்புகுவதையும் வெளியேறுவதையும் சற்றுநேரம் கவனித்திருங்கள், தூரிகை நுனியில் நின்ற மனம் அங்கேயும் நிற்கும், இது நற்கடைப்பிடி. வீட்டில் ஒருவர் பிழை செய்தால், அக்கோட்டை மரமாக்க வழியுண்டா என்று முதலில் பாருங்கள், இது நல்லெண்ணம். அதட்ட எழும் குரலை ஒரு மூச்சளவு நிறுத்திப் பின் பேசுங்கள், இது நல்வாய்மை. அதட்டிப் பழகிய ஒருவர் உறுதி பூண்டு தம் குரலை மாற்றிக்கொண்டார் எனில், நம்மால் ஆகாதா?

இன்றிரவே உங்கள் குழந்தை கணக்குப் புத்தகத்தோடு வரலாம். கண்ட அமைதி கொண்ட அமைதியாயிற்றா என்பதற்கு அதுவே பரீட்சை.

எல்லா உயிர்களும் துன்பம் நீங்கி வாழ்க!

சாது! சாது! சாது!